கடற்பஞ்சு நம் மூதாதை அல்ல

விலங்குலகத்தைப் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் கடற்பஞ்சில்தான் தொடங்குகின்றன. துளையுடலிகள் என்ற தொகுதி முதலில் வரும். அதன்கீழ் வழக்கமான வாக்கியங்கள் வரும்: மிக எளிய பலசெல் விலங்கு, திசுக்கள் கிடையாது, செல் அளவிலான உடற்கட்டமைப்பு, நரம்பில்லை, தசையில்லை, வாயில்லை, குடலில்லை, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும். அடுத்து குழியுடலிகள், அதற்கடுத்து தட்டைப்புழுக்கள், பிறகு படிப்படியாக ஏறிப் பாலூட்டிகள், கடைசியில் மனிதன். இந்த வரிசையைப் படித்து முடிக்கும் மாணவரின் மனத்தில், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, ஒரு வரலாறு உருவாகிவிடுகிறது. முதலில் கடற்பஞ்சு இருந்தது. அதிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாக வளர்ந்தன. கடற்பஞ்சு மட்டும் வளராமல் அங்கேயே நின்றுவிட்டது.

இந்த வரலாறு தவறு. பாடநூல் தரும் தனித்தனித் தகவல்களில் பல சரியானவை. கடற்பஞ்சுக்கு நரம்புச் செல் இல்லை என்பது உண்மை. குடல் இல்லை என்பதும் உண்மை. அவற்றைக் கோத்து உருவாக்கிய கதையைத்தான் மறுக்கிறேன். அந்தக் கதைக்குள் மூன்று கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. கடற்பஞ்சு மற்ற விலங்குகளின் மூதாதை என்பது ஒன்று. அது செல்களின் தளர்ந்த கூட்டம், எளிய உயிர் என்பது இரண்டாவது. எளியதாக இருப்பதால் அதுவே முதலில் பிரிந்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் உறுதியானவைபோலத் தோன்றுகின்றன. பிரித்தெடுத்துச் சோதித்தால் ஒன்றுகூடத் தனித்து நிற்பதில்லை.

இந்தப் படிவரிசை பரிணாமக் கொள்கையிலிருந்து வரவில்லை. அதைவிட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அரிஸ்டாட்டில் உயிர்களைத் தாவரத்திலிருந்து மனிதன்வரை ஒரு தொடர் ஏற்றமாகக் கண்டார். தாவரத்துக்கும் விலங்குக்கும் இடையிலான எல்லையில் கடற்பஞ்சை வைத்தார். பிய்க்க வருபவரை உணர்ந்து அது சுருங்கிக்கொள்ளும் என்று சிலர் சொல்வதையும், டோரோனி ஊரார் அதை மறுப்பதையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். லின்னேயஸ் 1753இல் தம் தாவர நூலில் கடற்பஞ்சைப் பாசிகளோடு சேர்த்தார். 1765இல் ஜான் எல்லிஸ் அதன் துளைகளில் நீர் போய்வருவதைக் கண்டார். 1825 வாக்கில் எடின்பரோவில் ராபர்ட் கிரான்ட் உயிருள்ள கடற்பஞ்சை நீரிலிட்டு நுண்ணோக்கியில் பார்த்து, நுண்துளைகள் வழியே நீர் உள்ளே போவதையும் பெருந்துளை வழியே பீறிட்டு வெளியேறுவதையும் ஐயமறக் காட்டினார். அதன் பிறகுதான் அது விலங்கு என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அந்தக் கிரான்ட்டோடு எடின்பரோ கடற்கரையில் சிற்றுயிர்களைத் தேடி அலைந்த மாணவர் சார்லஸ் டார்வின். 1837இல் அவர் தம் குறிப்பேட்டில் வரைந்த படம் ஏணி அன்று, கிளைவிடும் மரம். உயிர்களை மேலானவை, கீழானவை என்று பேசக் கூடாது என்று தாம் படித்த ஒரு நூலின் ஓரத்தில் தமக்கே எச்சரிக்கையும் எழுதிக்கொண்டார். ஏணி மரமாக மாறியதை உயிரியல் ஏற்றுக்கொண்டது. ஆனால் கடற்பஞ்சைப் பற்றிய பேச்சில் மட்டும் ஏணி இன்றுவரை நிலைத்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கும் இத்தகைய அடுக்கு புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அது புலன்களை அளவுகோலாகக் கொண்ட வகைப்பாடு. எது எதிலிருந்து பிறந்தது என்று சொல்வது அதன் நோக்கமில்லை. வகைப்பாட்டை வம்சாவளியாக மாற்றிப் படிப்பதுதான் பிழை. அந்தப் பிழை இன்றைய வகுப்பறையில் நடக்கிறது.

முதல் கூற்றுக்கு வருவோம். இன்று கடலில் வாழும் எந்தக் கடற்பஞ்சும் யாருக்கும் மூதாதையாக இருக்க முடியாது. பெரும்பாலான கணிப்புகளின்படி 60 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு விலங்கினம் வாழ்ந்தது. அதன் சந்ததி கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையின் இன்றைய நுனியில் கடற்பஞ்சுகள் இருக்கின்றன. மற்றக் கிளைகளின் நுனிகளில் நாமும் நண்டும் நட்சத்திர மீனும் இருக்கிறோம். பிரிந்த நாளிலிருந்து எல்லாக் கிளைகளும் ஒரே அளவு காலம்தான் கடந்துவந்திருக்கின்றன. அண்ணன் சொந்த ஊரில் தங்கினான், தம்பி பிழைக்க வெளியூர் போனான் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் கொள்ளுப்பேரன் ஊருக்கு வந்து, அங்கே தன் வயதில் இருக்கும் அண்ணனின் கொள்ளுப்பேரனைப் பார்த்து, 'இவர்தான் எங்கள் முப்பாட்டன்' என்று கும்பிட்டால் எவ்வளவு பொருந்தாதோ, கடற்பஞ்சை நம் மூதாதை என்பதும் அவ்வளவு பொருந்தாது. அவர்கள் பங்காளிகள். இருவருக்கும் மேலே இருந்தவர் வேறொருவர். அவர் இன்று இல்லை.

'மிகப் பழமையான விலங்கு' என்ற பட்டத்துக்கும் இதே குறைபாடு உண்டு. கடற்பஞ்சுக் கிளை மற்ற எல்லா விலங்குகளின் கிளையிலிருந்தும் முதலில் பிரிந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மற்ற விலங்குகளின் கிளையும் அதே நொடியில்தான் கடற்பஞ்சுக் கிளையிலிருந்து பிரிந்தது. ஒரு கவையில் இரண்டு கிளைகள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே வயது. அவற்றில் ஒன்றை மட்டும் பழையது என்று அழைக்க எந்த நியாயமும் இல்லை.

பாறைகள் தரும் சான்றும் 'மாறாமல் நின்ற உயிர்' என்ற படத்துக்கு இடம்கொடுக்கவில்லை. ஓமன் நாட்டின் பழம்பாறைகளில் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளிலிருந்து ஒருவகை ஸ்டீராய்டு எச்சத்தைப் பிரித்தெடுத்து, அது கடற்பஞ்சுகள் விட்டுச்சென்றது என்று 2009இல் ஒரு குழு அறிவித்தது. பாசிகளும் அதைத் தந்திருக்கலாம் என்று பின்னர் வேறு குழுக்கள் வாதிட்டன. சீனாவில் கிடைத்த சுமார் 55 கோடி ஆண்டுப் பழமையான ஹெலிகோலோசெல்லஸ் என்ற புதைபடிவம் 2024இல் விவரிக்கப்பட்டது. கண்ணாடிப் பஞ்சுகளின் உறவினராகக் கருதப்படும் அதற்குக் கனிம முட்களே இல்லை. அதாவது இன்றைய கடற்பஞ்சின் அடையாளமாகப் பாடநூல் படம் போட்டுக் காட்டும் நுண்முட்கள் பிற்காலத்தில் வந்தவையாக இருக்கலாம். கேம்பிரியக் காலத்தில் ஆர்க்கியோசயாத்துகள் என்ற சுண்ணாம்புப் பஞ்சுகள் உலகெங்கும் திட்டுகளை எழுப்பின. பிறகு அடியோடு அழிந்தன. எழுச்சி, அழிவு, புதுமை எல்லாம் நிகழ்ந்த வம்சம் இது. இன்று அறியப்பட்ட 9,000க்கும் மேற்பட்ட இனங்கள் நான்கு வகுப்புகளில் பரவி, துருவக் கடலடியிலும் ஆழ்கடல் இருளிலும் நன்னீர் ஏரிகளிலும் வாழ்கின்றன. இதற்கு 'உயிருள்ள புதைபடிவம்' என்று பெயரிடுவது அந்த வரலாறு முழுவதையும் அழிப்பதாகும்.

இரண்டாவது கூற்று எளிமை. இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் 'ஒன்றுமில்லாத உயிர்' என்ற எண்ணம், எதைத் தேட வேண்டும் என்று தெரியாததால் வந்தது.

கடற்பஞ்சின் உடல் ஒரே ஒரு வேலைக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது: நீரை நகர்த்தி, அதிலுள்ள உணவை வடித்தெடுப்பது. மேற்பரப்பு முழுவதும் நுண்துளைகள். அவற்றிலிருந்து கிளைகிளையாகப் பிரியும் கால்வாய்கள். அவை போய்ச் சேரும் அறைகளில் காலர் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் ஒரு கசையிழை அடிக்கிறது. அதைச் சுற்றி நுண்ணிழைகளாலான காலர் ஒரு வடிகட்டியாக நிற்கிறது. அறைகளின் எண்ணிக்கை மிக அதிகம். அவற்றின் மொத்தக் குறுக்குப்பரப்பு நுழைவாயில்களின் பரப்பைவிடப் பன்மடங்கு பெரிது. அதனால் காலர்களைக் கடக்கும்போது நீர் ஊர்ந்து செல்கிறது. பாக்டீரியா அளவிலான துகளையும் பிடிக்க நேரம் கிடைக்கிறது. பிறகு கால்வாய்கள் ஒன்றுசேர்ந்து குறுகிய பெருந்துளையில் முடிவதால் நீர் வேகமெடுத்துத் தொலைவில் போய் விழுகிறது; வடித்த நீரே மறுபடி உள்ளே வராது. விரல் அளவிலான ஒரு பஞ்சு ஒரு நாளில் தன் உடலைப்போலப் பல ஆயிரம் மடங்கு நீரை இப்படிக் கடத்துகிறது. குடலும் வாயும் இந்த உடலில் இல்லாதது குறை என்றால், எதை விழுங்க அவை வேண்டும் என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு உணவைப் பல லட்சம் செல்கள் நேரடியாகப் பிடித்து உண்ணும் உடலுக்கு ஒற்றை வாய் எந்த உதவியும் செய்யாது.

இந்த உடலைத் தாங்கும் எலும்புக்கூடு பலவற்றில் கண்ணாடி. மனிதன் மணலை உருக்கிக் கண்ணாடி செய்ய ஆயிரம் பாகைக்கு மேல் சூடு தேவைப்படுகிறது. கடற்பஞ்சு குளிர்ந்த கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துச் சாதாரண வெப்பத்தில் முள்ளாக வார்க்கிறது. டெதியா என்ற இனத்தின் முட்களுக்குள் இருக்கும் சிலிக்காட்டீன் என்ற புரதம்தான் அந்த வேலையைச் செய்கிறது என்று 1990களின் இறுதியில் தெரியவந்தது. அந்தப் புரதம், நம் உடலிலும் இருக்கும் புரதம் செரிக்கும் நொதிக் குடும்பத்தின் உறவு. பழைய செரிமானக் கருவி ஒன்றை எடுத்துக் கண்ணாடி வார்க்கும் கருவியாக மாற்றியிருக்கிறது இந்த வம்சம். 'அப்படியே நின்றுவிட்ட' உயிர் செய்கிற வேலை இல்லை இது. வீனஸ் பூக்கூடை எனப்படும் கண்ணாடிப் பஞ்சின் கூடு ஏழு நிலைகளில், நானோமீட்டரிலிருந்து சென்டிமீட்டர்வரை, அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது என்று 2005இல் ஜோவன்னா ஐசன்பெர்க் குழுவினர் காட்டினார்கள். மோனோராஃபிஸ் என்ற ஆழ்கடல் இனம் 3 மீட்டர் வரை நீளும் ஒற்றைக் கண்ணாடி முள்ளை வளர்க்கிறது. அப்படிப்பட்ட ஒரு முள்ளின் அடுக்குகளை ஆராய்ந்தவர்கள் அதன் வயதைச் சுமார் 11,000 ஆண்டுகள் என்று 2012இல் மதிப்பிட்டார்கள்.

'செல்களின் தளர்ந்த கூட்டம்' என்ற பேச்சுக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது 1907இல் ஹென்றி வில்சன் செய்த சோதனை. உயிருள்ள பஞ்சை மெல்லிய பட்டுத்துணி வழியே பிழிந்து செல்களாகப் பிரித்தார். அவை மறுபடி ஒன்றுகூடிப் புதிய பஞ்சாயின. பார், தனித்தனிச் செல்கள்தானே என்கிறார்கள். அந்தச் சோதனை சொல்வது வேறு. பிரிந்த செல்கள் தம் இனத்தை அடையாளம் கண்டு சேர்ந்தன; கால்வாயும் அறையும் உரிய இடத்தில் அமையும்படி தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டன. அதைவிட முக்கியமானது, நரம்பும் தசையும் உள்ள ஹைட்ராவையும் செல்களாகப் பிரித்துச் சேர்த்தால் அதுவும் முழு விலங்காகிறது என்பது 1972இல் நிறுவப்பட்டது. அதனால் ஹைட்ராவைத் தளர்ந்த கூட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே சான்றை ஓர் உயிருக்கு மட்டும் எதிராகப் பயன்படுத்துவது அறிவியல் முறையாகாது.

திசு இல்லை என்பதும் அப்படியே. ஹோமோஸ்கிளிரோமார்ஃபா வகுப்புப் பஞ்சுகளில் நம் தோலுக்கும் குடலுக்கும் அடியில் இருப்பதுபோன்ற அடித்தளச் சவ்வு உண்டு. அதில் நான்காம் வகைக் கொலாஜன் இருப்பது 1996இலேயே அறிவிக்கப்பட்டது. நன்னீர்ப் பஞ்சின் புறப்படலம் உள்நீரையும் வெளிநீரையும் பிரித்துக் காக்கும் முறையான தடுப்பு என்பதை மின்தடையை அளந்து 2010இல் சாலி லெய்ஸ் குழுவினர் காட்டினார்கள். உள்ளே செல்வதையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்தும் செல் அடுக்கைத் திசு என்று அழைக்காமல் வேறு என்னவென்று அழைப்பது?

அடுத்து நடத்தை. நன்னீர்ப் பஞ்சான எஃபிடேஷியாவின் மேல் வண்டலோ மையோ பட்டால் அது முதலில் ஊதிப் பெருக்கும். பிறகு உடலெங்கும் சுருங்கி உள்ளே சிக்கியதை வெளியே தள்ளும். இந்தத் தும்மலின் கட்டளை நிலையம் எங்கே? பெருந்துளையின் உட்சுவரில் நிற்கும் நுண்மயிர்கள் நீரோட்டத்தை உணர்கின்றன. அந்தத் துளையை வெட்டிவிட்டால் பஞ்சு தும்முவதில்லை என்று 2014இல் காட்டப்பட்டது. கரீபியக் கடலின் அப்லைசினா பஞ்சு, நுழைவாயில் துளைகள் வழியே நீரோட்டத்துக்கு எதிராகச் சளியைத் தள்ளித் தன்னைச் சுத்தம்செய்வதை 2022இல் ஆய்வாளர்கள் படம்பிடித்தார்கள். கண்ணாடிப் பஞ்சுகளின் கதை இன்னும் வியப்பானது. அவற்றின் உடலில் பெரும்பகுதி, செல்களாகப் பிரியாமல் தொடர்ந்தோடும் ஒரே வலை. அந்த வலையில் மின்துடிப்பு பாய்ந்து, உடல் முழுவதும் நீரிறைப்பை நிறுத்துகிறது என்று லெய்ஸும் ஜார்ஜ் மேக்கியும் 1997இல் பதிவுசெய்தார்கள். நரம்பில்லாமல் மின்சமிக்ஞை அனுப்பும் வழியை இந்த வம்சம் தானே கண்டுபிடித்திருக்கிறது.

அசையாதவை என்பதும் அரைகுறை உண்மை. பஞ்சின் இளவுயிரி நீந்துகிறது, வெளிச்சத்துக்கு ஏற்பத் திசை மாற்றுகிறது, தங்குமிடம் தேர்கிறது. முதிர்ந்த பஞ்சுகள் சிலவும் மெல்ல நகர்கின்றன. ஆர்க்டிக் கடலின் லாங்செத் தொடரில் கடலடியில் பஞ்சுகள் தம் முட்களை உதிர்த்துக்கொண்டே நகர்ந்துபோன தடங்கள் 2021இல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டன.

மூன்றாவது கூற்றுதான் ஆய்வாளர்களையும் நெடுநாள் வழிதவறச் செய்தது: எளியது எனவே முந்தியது. இந்த வாதம் ஓர் அனுமானத்தை மறைத்துவைக்கிறது. ஓர் உயிரிடம் ஒன்று இல்லையென்றால் அது ஒருபோதும் இருந்ததில்லை என்று வாதம் எடுத்துக்கொள்கிறது. இழந்திருக்கலாம் என்பதை அது எண்ணிப்பார்ப்பதே இல்லை.

இழப்பு நடக்கும் என்பதற்குக் கடற்பஞ்சுகளே சாட்சி. 1995இல் ஜான் வாசெலேயும் நிக்கோல் பூரி-எஸ்னோவும் மத்தியதரைக் கடற்குகை ஒன்றில் வாழும் அஸ்பெஸ்டோப்ளூமா என்ற பஞ்சு சிறு ஓட்டுடலிகளைப் பிடித்து உண்பதை அறிவித்தார்கள். கொக்கி முட்கள் பதித்த இழைகளில் இரை சிக்குகிறது. சுற்றியுள்ள செல்கள் நகர்ந்துவந்து அதை மூடிச் செரிக்கின்றன. அந்தப் பஞ்சிடம் கால்வாயும் இல்லை, காலர் செல்லும் இல்லை. பஞ்சின் இலக்கணமாகப் பாடநூல் சொல்லும் இரண்டையுமே, உணவு அரிதான ஆழ்கடலுக்குப் பொருந்திய வாழ்க்கைக்காக அதன் முன்னோர்கள் விட்டுவிட்டார்கள். அதன் நெருங்கிய உறவுகள் நமக்குத் தெரியாமல் போயிருந்தால், கால்வாய் தோன்றுவதற்கு முந்தைய ஆதி உயிர் என்று அதையும் ஏணியில் இன்னும் ஒரு படி கீழே வைத்திருப்பார்கள்.

மரபணுக்களிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. 2010இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டைச் சேர்ந்த ஆம்ஃபிமெடான் பஞ்சின் மரபணுத்தொகுதி வெளியானபோது, உடலமைப்பை வகுக்கும் ஹாக்ஸ், பாராஹாக்ஸ் மரபணுக்கள் அதில் இல்லை. பஞ்சுகளிடம் அவை ஒருபோதும் இருந்ததில்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். 2014இல் சைக்கான் என்ற சுண்ணாம்புப் பஞ்சில் பாராஹாக்ஸ் மரபணு ஒன்று கண்டறியப்பட்டது. பொது மூதாதையிடம் இருந்ததை ஒரு கிளை வைத்துக்கொண்டது, இன்னொன்று விட்டுவிட்டது. ஒரே ஓர் இனத்தைப் பார்த்துவிட்டு முழுத் தொகுதிக்கும் 'இல்லை' என்று எழுதியது அவசரம்.

அதே மரபணுத்தொகுதியில் வேறொன்றும் தெரிந்தது. நரம்புச் சந்திப்புகளைக் கட்டப் பயன்படும் புரதங்களின் மரபணுக்கள் பல, நரம்பே இல்லாத பஞ்சிடம் இருக்கின்றன. நன்னீர்ப் பஞ்சான ஸ்பாஞ்சில்லாவின் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, 18 செல்வகைகளைப் பிரித்துக் காட்டியது. காலர் அறைகளுக்குள் நீண்ட கைகளை நீட்டி, காலர் செல்களோடு தொடர்புகொள்ளும் நரம்பொத்த செல்களும் அவற்றில் இருந்தன. எஃபிடேஷியாவிடம் சுமார் 39,000 மரபணுக்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. மனிதனிடம் இருப்பது ஏறக்குறைய 20,000. இதைக் காட்டிப் பஞ்சு மனிதனைவிட மேல் என்று வாதாடினால் அதுவும் ஏணிதான், தலைகீழாக வைத்த ஏணி. மரபணு எண்ணிக்கையும் செல்வகை எண்ணிக்கையும் உயர்வு தாழ்வின் அளவுகோல் ஆகாது என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டியது.

இனி காலர் செல். 1866இல் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க், பஞ்சின் காலர் செல்லும் கொயனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரியும் ஒன்றுபோல இருப்பதைக் கவனித்தார். அந்த ஒற்றைச் செல் உயிரி கூட்டமாகச் சேர்ந்து பஞ்சானது, பஞ்சு பிறகு மற்ற விலங்கானது என்ற கதைக்கு இதுவே அடித்தளம். கொயனோஃபிளாஜெல்லேட்டுகள் விலங்குகளின் மிக நெருங்கிய உறவு என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. அதில் எனக்கு மாறுபாடில்லை. காலரின் கட்டமைப்பு பொது மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காலர் கொண்ட செல்கள் வேறு பல விலங்குகளிலும் இருக்கின்றன. அதோடு, 2019இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் டெக்னான் குழுவினர் ஆம்ஃபிமெடானின் செல்வகைகளில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று ஒப்பிட்டபோது, காலர் செல்லைக் கொயனோஃபிளாஜெல்லேட்டின் நேரடி எச்சமாகக் கொள்ள இடமில்லை என்று கண்டார்கள். அந்தச் செல் தன் வகையை மாற்றி வேறு செல்லாகவும் ஆகிறது. வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பதை வைத்துக் கட்டிய மாளிகை, உள்ளே நடப்பதைப் பார்த்தபோது ஆட்டம் கண்டது.

2008இல் இந்த விவாதம் வெடித்தது. கேசி டன் குழுவினர் வெளியிட்ட மரபணு மரத்தில், முதலில் பிரிந்த கிளையாகக் கடற்பஞ்சுக்குப் பதில் சீப்பு ஜெல்லி வந்தது. சீப்பு ஜெல்லிக்கு நரம்பும் தசையும் உண்டு. அது எப்படி முதலில் பிரியும் என்று பலர் நம்ப மறுத்தார்கள். 2013இல் சீப்பு ஜெல்லியின் மரபணுத்தொகுதி அதே முடிவை ஆதரித்தது. 2015இல் பிசானி குழுவினர் கணக்கீட்டு முறையிலுள்ள குறையைச் சுட்டி, பஞ்சே முதல் கிளை என்றார்கள். 2023இல் குரோமோசோம்களில் மரபணுக்கள் சேர்ந்திருக்கும் ஒழுங்கை ஒப்பிட்ட ஆய்வு மீண்டும் சீப்பு ஜெல்லியின் பக்கம் சாய்ந்தது. விவாதம் ஓயவில்லை. எந்தப் பக்கம் வென்றாலும் என் வாதம் மாறாது. கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் எழுந்த அதிர்ச்சியின் காரணத்தை. சிக்கலான உடல் முதலில் பிரிய முடியாது என்று எந்தச் சான்றும் சொல்லவில்லை, ஏணி சொன்னது. நரம்பு ஒரே முறைதான் தோன்றியிருக்க வேண்டும், ஒருமுறை தோன்றினால் இழக்கப்படாது என்று இரு அனுமானங்களை அந்த ஏணி திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்தது. சீப்பு ஜெல்லியின் நரம்பமைப்பு நம்முடையதிலிருந்து வேதியியலில் பெரிதும் வேறுபடுகிறது என்று 2014இல் லியோனிட் மொரோஸ் காட்டிய பிறகு, நரம்பு இருமுறை தோன்றியிருக்கலாம் என்ற வாய்ப்பைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆதி விலங்கு எப்படி இருந்தது என்று அறிய, முதலில் பிரிந்த கிளைகளைப் பார்ப்பதைவிட வேறு வழியில்லை. ஆகவே பஞ்சை ஆதி விலங்கின் மாதிரியாகக் கொள்வது நியாயம் என்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அதிலிருந்து கிடைக்காது. எல்லாக் கிளைகளையும் ஒப்பிட்டு, பொதுவாக உள்ளவை எவை, ஒவ்வொரு கிளையும் சேர்த்ததும் இழந்ததும் எவை என்று பிரித்தெடுத்தால்தான் மூதாதை தெரியும். ஒரு கிளையை மட்டும் எடுத்து மூதாதையின் இடத்தில் உட்காரவைத்தால், அந்தக் கிளை 60 கோடி ஆண்டுகளில் தானே உண்டாக்கிய கண்ணாடி முள்ளும் மின்வலையும் ஊனுண்ணும் கொக்கியும் மூதாதையின் சொத்தாகத் தோன்றும். அல்லது கண்ணுக்கே தெரியாமல் போகும். நமக்கு நேர்ந்தது இரண்டாவது.

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை என்று ஒதுக்க முடியாது. ஓர் உயிரைக் கீழானது என்று சொல்லிப் பழகியவர்கள், அது செய்யும் வேலையைத் தேடிப் பார்ப்பதில்லை. சத்து வறண்ட வெப்பக்கடலில் பவளத்திட்டுகள் எப்படிச் செழிக்கின்றன என்ற கேள்வி டார்வின் காலத்திலிருந்து இருந்துவந்தது. 2013இல் யாஸ்பர் டி கூய் குழுவினர் அதற்கு ஒரு பெரிய விடையைக் கண்டார்கள். பவளமும் பாசியும் நீரில் கரையவிடும் கரிமப்பொருளைப் பஞ்சுகள் உறிஞ்சி, தம் செல்களாக மாற்றி, பழைய செல்களை இடைவிடாது உதிர்க்கின்றன. அந்தத் துகளை நத்தையும் புழுவும் ஓட்டுடலியும் உண்கின்றன. கடலில் கரைந்து போகவேண்டிய சத்து திட்டுக்குள்ளேயே சுழல்கிறது. ஹாலிசார்க்கா என்ற பஞ்சின் காலர் செல்கள் ஐந்தாறு மணி நேரத்தில் பிரிந்து பெருகுகின்றன. ஆனாலும் பஞ்சு வளர்வதில்லை, ஏனெனில் பெருகியதை உதிர்த்துவிடுகிறது. சும்மா கிடப்பதாக எண்ணிய உயிர், ஒரு கடல் நகரத்துக்கே உணவு வழங்கிக்கொண்டிருந்தது.

1987இல் கனடாவின் மேற்குக் கரையில் ஹெகேட் நீரிணையின் அடியில், சுமார் 9,000 ஆண்டுகளாக வளர்ந்துவந்த கண்ணாடிப் பஞ்சுத் திட்டுகள் கண்டறியப்பட்டன. புதைபடிவங்களாக மட்டுமே அறியப்பட்டிருந்த அத்தகைய திட்டுகள் உயிரோடு இருந்தன. அடிமடி வலைகள் அவற்றில் ஒரு பகுதியை நொறுக்கிவிட்ட பிறகு, 2017இல்தான் அவை பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாயின. மருத்துவத்திலும் கடன் பெரிது. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் ஒரு கரீபியப் பஞ்சில் கண்ட வழக்கத்துக்கு மாறான நியூக்ளியோசைடுகளே, 1969இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரத்தப்புற்று மருந்தான சைட்டாரபினுக்கு வழிகாட்டின. ஜப்பானியப் பஞ்சு ஒன்றிலிருந்து 1986இல் விவரிக்கப்பட்ட ஹாலிகான்ட்ரின், 2010இல் மார்பகப் புற்றுக்கான எரிபுலினாக வளர்ந்தது. ஓடவோ மறையவோ முடியாத உடல், வேதியியலால் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்ற வரலாற்றின் பயன் இது.

நம் கடலுக்கும் இதில் பங்குண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளை ஆராய ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்தபோது திரட்டிய பஞ்சுகளை ஆர்தர் டெண்டி 1905இல் விரிவாக விவரித்தார். மண்டபம் ஆய்வு நிலையத்திலிருந்து பி. ஏ. தாமஸ் பல ஆண்டுகள் இவற்றை வகைப்படுத்தினார். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்து வாழும் கிளியோனா பஞ்சுகள் முத்துக் குளிப்பைப் பாதித்ததால் பஞ்சுகள் கவனம் பெற்றன; தீங்கு செய்பவை என்ற அளவில்தான் பெரும்பாலும் அந்தக் கவனம் நின்றது. ஆவுளியாவும் பவளமும் கடற்குதிரையும் பேசப்படும் அளவுக்கு அதே கடலின் பஞ்சுகள் பேசப்படுவதில்லை. கீழ்ப்படியில் நிற்பதற்கு யார் காவல் கேட்பார்கள்?

ஆகவே மாற வேண்டியது எதுவென்று தெளிவாகச் சொல்லலாம். பாடநூலில் பஞ்சு முதல் அத்தியாயமாக இருப்பதில் தவறில்லை. ஏதாவதொன்று முதலில் வரத்தான் வேண்டும். 'மிகத் தொன்மையான, எளிய விலங்கு' என்ற வாக்கியம் போகட்டும். அதன் இடத்தில் இப்படி எழுதலாம்: கடற்பஞ்சுகள் மற்ற விலங்குகளிலிருந்து மிக முன்பே பிரிந்த கிளைகளுள் ஒன்று, நீரை வடித்து உண்ணும் வாழ்க்கைக்கு ஏற்ற உடலை அவை உருவாக்கிக்கொண்டன, நரம்பும் தசையும் இல்லாமலே உணரவும் ஒருங்கிணைந்து இயங்கவும் செய்கின்றன, அவற்றின் கிளை நம் கிளையைப்போலவே நீண்ட மாற்றங்களைக் கடந்துவந்தது. இந்த நான்கு கூற்றுகளையும் பத்தாம் வகுப்பு மாணவர் எளிதில் புரிந்துகொள்வார். ஏணியில் ஏற்றிப் படித்த மாணவருக்கு, இல்லாதவற்றின் பட்டியல் மட்டுமே மனத்தில் தங்கும். மரமாகப் படித்தவர் இந்த உயிர் எப்படி வாழ்கிறது என்று கேட்பார். கடந்த முப்பது ஆண்டுகளில் கடற்பஞ்சைப் பற்றிக் கிடைத்த ஒவ்வொரு பெரிய அறிவும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களிடமிருந்து வந்தது. அதை முதல் பாடத்திலேயே கேட்கக் கற்றுக்கொடுக்கத் தயங்குவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை.